அதே லாரி, அதே தூரம்

மின்கட்டணம் வந்த உறையைப் பிரித்து
உட்புற வெள்ளையில் நடுவே கோடு இழுத்தான் வெண்டல்.
இடப்பக்கம் ஃப்ரெஸ்னோ. வலப்பக்கம் அமரில்லோ.

வாடகை இங்கே இரண்டாயிரத்து நூறு.
அங்கே அதைவிடக் குறைந்த தவணைக்கு
மூன்று படுக்கையறை, சொந்தமாக.
பெட்ரோல், கேலனுக்கு ஒன்றரை டாலர் மிச்சம்.
மாநில வருமான வரி என்ற இடத்தில்
வலப்பக்கம் ஒரு பூஜ்ஜியம் போட்டான்.
முட்டையிட்ட கோழி போல
அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான் நெடுநேரம்.

பேனாவை வாங்கி
அடியில் எழுதினேன்: தேயோவின் மூச்சு.
இரண்டு பக்கமும் போட ஒன்றுமில்லை.

இன்ஹேலரின் முதுகில் சின்ன ஜன்னல் உண்டு.
இருநூறில் தொடங்கி இறங்கும் எண்.
மலைக்காடு எரிந்து
பள்ளத்தாக்கில் புகை படிந்த செப்டம்பரில்
ஒரே வாரத்தில் நாற்பது இறங்கியது.
எங்கள் வீட்டுக் கணக்குகளில்
பொய் சொல்லத் தெரியாதது அது ஒன்றுதான்.

லாரி வாடகை விசாரித்தேன்.
இங்கிருந்து அங்கே மூவாயிரத்துச் சொச்சம்.
சும்மா, மாற்றிக் கேட்டேன்.
அங்கிருந்து இங்கே எழுநூற்று ஐம்பது.
"எல்லாரும் போறாங்க.
வண்டியைத் திருப்பிக் கொண்டுவரத்தான் ஆளில்லை"
என்றாள் கவுண்டர்ப் பெண்
நகப்பூச்சை ஊதிக் காயவைத்தபடி.

பார்ஸ்டோ, நீடில்ஸ், கிங்மன்.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்.
எங்களுக்கு இரு கரையும் வைக்கோல் நிறம்.
நடுவே பாலைவனம் வேறு.

யெசேனியாவை வெண்டல் உறையில் எழுதவில்லை.
என் தங்கை.
பள்ளி விட்டதிலிருந்து நான் வரும்வரை
ஐந்து வருடம் தேயோ அவளிடம் இருந்தான்.
காசு வாங்காததால் அவளுக்கு வரி இல்லை பட்டியலில்.
அமரில்லோவில் முதல் மாதமே
அவள் விலை தெரிந்தது: நானூற்று எண்பது,
ஆறு மணிக்கு மேல் தாமதித்தால்
நிமிடத்துக்கு ஒரு டாலர்.

வீடு பெரிது.
கூப்பிட்டால் கேட்காத அளவுக்குப் பெரிது.
கறிமாட்டுப் பட்டிகள் பக்கமிருந்து காற்று திரும்பும் நாளில்
மூக்கைப் பொத்தினேன்.
"அது பண வாசனை, பழகிடும்" என்றார்
அடுத்த வீட்டு டுவைட்.
யாருடைய பணம் என்று கேட்கவில்லை.

ஏப்ரலில் கவுன்ட்டியிலிருந்து கடிதம்:
உங்கள் வீட்டின் மதிப்பு உயர்ந்திருக்கிறது.
விற்கும் எண்ணமில்லாதவனுக்கு
எதற்கு இந்த வாழ்த்து?
சொத்து வரியைப் படித்துவிட்டு வெண்டல்
வாசல் படியில் போய் உட்கார்ந்தான்.
முட்டை பொரிந்துவிட்டது.

மே மாதம் ஆலங்கட்டி,
எலுமிச்சை அளவு.
கூரை போனது.
காப்பீட்டுக்காரன் ஏணியில் நின்றபடியே சொன்னான்,
முதல் ஆறாயிரம் எங்கள் பொறுப்பாம்.

அன்று இரவு அந்த உறையைத் தேடினேன்.
கிழித்தெறிய.
கிடைத்தது இன்ஹேலர்,
சமையலறை இழுப்பறையில், பேட்டரிகளுக்கு நடுவே.
நூற்று எழுபத்தொன்று.
கடைசியாக எப்போது எடுத்தோம் என்று
இருவருக்கும் நினைவில்லை.

இன்னும் இரண்டு மணிக்கு விழிக்கிறேன்.
கதவருகே நின்று கேட்கிறேன்.
இருமல் இல்லை.
காற்று மட்டும், வெளியே, எதையோ உருட்டிக்கொண்டு.
சாயங்காலங்களில் அவன்
டுவைட்டின் நாயோடு ஓடுகிறான்,
முடிவே தெரியாத அந்தச் சமவெளியில்
ஒரு புள்ளியாகும்வரை.
கத்திக் கூப்பிடுகிறேன்.
அவன் கத்திப் பதில் சொல்கிறான்.
ஓடி வந்தவன், கத்துகிறான்.

நேற்று யெசேனியா அழைத்தாள்.
வாடகையை மறுபடி ஏற்றிவிட்டார்களாம்.
"அங்கே எப்படி? நிஜத்தைச் சொல்லு."

வீடு பெருசு. காத்து நாறும்.
பையன் ஓடுறான்.

அவள் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை.
பிறகு, மெதுவாக,
"லாரிக்கு எவ்வளவு ஆகும்?"

வாயைத் திறந்தேன்.
எனக்கு மனப்பாடமாக இருந்தது
திரும்பி வரும் விலை மட்டும்.