வால்

டொங்காட் ஆலைப் பதிவேட்டில்
என் வேலை தீ வைப்பது.
விடிகாலை மூன்றரை.
கடல்காற்று எழும்புமுன் முடித்துவிட வேண்டும்.
டீசல் சொட்டும் பந்தம் ஒன்று என்னிடம்,
எதிர் வரப்பில் ம்கீஸேயிடம் ஒன்று.
நாலு பக்கமும் பற்றினால்
நெருப்பு நடுவே போய்க் கைகுலுக்கும்.
சோகை எரியும், கரும்பு நிற்கும்.
ஓடிவரும் எலிகளுக்குப்
பையன்கள் தடியோடு காத்திருப்பார்கள்.
புகைக்குள் பருந்துகள்.

ஆடி மாதம் கோயில் முற்றத்தில்
எனக்கு வேறு வேலை.
நாகர் வேடம்.

தீக்கடவுளுக்குப் பசி.
யமுனைக் கரைக் காட்டையே கேட்டான்.
கொடுத்தார்கள்.
வில்லோடு இருவர் இரண்டு பக்கம் நின்றார்கள்.
மழை வந்தது; அதற்கும் அம்பால் கூரை போட்டார்கள்.
பாட்டெல்லாம் வில்லுக்காரருக்கு.
நாகருக்கு வசனம் இல்லை.
ஊத வேண்டும், சுருள வேண்டும், விழ வேண்டும்.

மகனை விழுங்கிக்கொண்டு
மேலே தாவிய தாய் ஒருத்தி உண்டு.
அவள் நான்தான்.
மீசையை எடுக்க மனமில்லாமல்
முந்தானையால் மூடிக்கொள்வேன்.
கதையில் அவள் தலை போகும்.
எங்கள் கூத்தில் வாலோடு விட்டுவிடுவார்கள்.
பச்சைத் தார்ப்பாய் வால்.
வருஷத்துக்கு ஒரு முழம் குறைகிறது.

"நாகர் என்றால் பாம்பா, ஆளா?"
தாண்டவராயனிடம் ஒருமுறை கேட்டேன்.
வில் பிடிப்பவர் அவர்.
"ஆள்தான். கொடியில் பாம்பு வைத்திருந்தவர்கள்"
என்றார், கன்னத்தில் அரிதாரம் குழைத்தபடி.

ஆட்களை எரித்தோம் என்றால்
தொண்டை அடைக்கும்.
பாம்பு என்றால் பாடலாம்.
ராகம்கூட அமையும்.

இன்று பதினேழாம் எண் வயல்.
இரண்டு வரப்பும் முட்டும் மூலையில்
நானும் ம்கீஸேயும் நெருங்கியபோது
பச்சையாய் ஒன்று
கரும்புக்குள்ளிருந்து வெளியே வந்தது.
அவசரமில்லை அதற்கு.
வெளிச்சத்தில் தலை தூக்கிப் பார்த்தது,
கடன் கேட்க வந்த உறவுக்காரர்போல.

ம்கீஸே பந்தத்தை நிமிர்த்தினான்.
சொட்டு நின்றது.
தொப்பியைக் கழற்றினான்.
"எங்கள் வீட்டுப் பெரியவர்" என்றான்.
எனக்குத் தெரிந்த ஜூலு அதற்குப் போதும்.
இந்தச் சரிவில்தான் அவர்கள் வீடுகள் இருந்தனவாம்,
கரும்பு வருமுன்.
என் முப்பாட்டன் கப்பலிலிருந்து இறங்கி
கத்தியோடு நின்றதும்
இந்தச் சரிவில்தான்.
அவனிடம் காட்டியது புதர் என்று.

நானும் பந்தத்தை நிமிர்த்தினேன்.

எவ்வளவு நேரம், தெரியாது.
மற்ற மூன்று பக்கமும் இரைந்துகொண்டிருந்தது.
அது வாய்க்காலைத் தாண்டி
புல்லில் கடைசி விரலளவையும் இழுத்துக்கொண்டபின்
போர்மன் விசிலடித்தார்.

"அந்த மூலை மட்டும் ஏன் பச்சையாய் நிற்கிறது?"
"காற்று" என்றேன்.
"காற்று" என்றான் ம்கீஸே.
ஓர் இலைகூட அசையவில்லை அப்போது.

வீட்டுக்கு வந்தால்
கொடித்துணியெல்லாம் கரித்தூள்.
திட்டிக்கொண்டே உதறிப்போட்டுவிட்டு
ஊசியோடு உட்கார்ந்திருந்தாள் அஞ்சலை.
சனிக்கிழமை கூத்து.
மடியில் வால்.

இந்த வருஷம்
கொஞ்சம் நீளமாகத் தை என்றேன்.