ஆறு

சுவருக்கு இந்தப் பக்கம் மதராஸ் நேரம்.
அந்தப் பக்கம் துருக்கி நேரம்:
சூரியன் விழும்போது அங்கே மணி பன்னிரண்டு.
ரெஃபிக் தினமும் அந்தியில் முள்ளைத் திருப்பி வைப்பான்.
நடுவில் ஒரு சன்னல், முழ அகலம்.
கராச்சியிலிருந்து கடலடியில் வந்த சேதியை
நான் எழுதி நீட்டுவேன்.
அவன் வாங்கி பஸ்ராவுக்குத் தட்டுவான்.
இரண்டு சாம்ராஜ்யங்கள் தொட்டுக்கொள்ளும் இடம்
இந்த ஃபாவ் என்பார் எங்கள் துரை.
நான் பார்த்துத் தொட்டுக்கொண்டவை
அவன் விரலும் என் விரலும்.
மைக்கறை ஒரே நிறம்.

வெளியே சேறு, கொசு, பேரீச்சை.
ஆறு இங்கே ஒரு நாளில் இரண்டு தடவை
பின்னால் நடக்கும்.
கடல் ஏறும்போது உப்பு வராது;
நல்ல தண்ணீரை நெஞ்சால் தள்ளி
வாய்க்கால் வாய்க்காலாகத் தோப்புக்குள் ஏற்றிவிடும்.
கத்பான் அதைப் பார்த்துத்தான்
அரசியல் படித்திருக்க வேண்டும்.

கத்பான் என்றால் கோபக்காரன் என்று பொருளாம்.
சிரிக்காமல் அவரை நான் பார்த்ததில்லை.
ஒரே காலையில் இரண்டு மனுவோடு வந்தார்.
என் பக்கம்: ஆங்கிலேயர் நிழலில் பிழைக்கும் நாங்கள்.
ரெஃபிக் பக்கம்: பாதுஷாவின் அடிமைகளான நாங்கள்.
முத்திரை ஒன்றுதான்,
விளிம்பு தேய்ந்த வெள்ளி மோதிரம்.
அந்த வருடம் மரவரி தள்ளுபடி.
எங்கள் ஆபீசும் வேலியோர வாய்க்காலுக்கு
மாதம் இருபது ரூபாய் வாடகை தரத் தொடங்கியது.
அந்த வாய்க்கால் யாருடையது என்று
அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
யானைகள் பொருதினால் புல் நசுங்கும் என்பார்கள்.
இந்தப் புல்
இரண்டு யானையிடமும் குத்தகை வாங்கியது.

பிறகு முகத்துவாரத்தில் கோட்டை.
செங்கல் படகுகள் இரவில் வந்தன.
புஷயரிலிருந்து எனக்குக் குறிச்சொற்களில் ஒரு கேள்வி:
எத்தனை பீரங்கி?
மூன்று நாள் கழித்து பஸ்ராவிலிருந்து ரெஃபிக்குக்கு:
எத்தனை என்று ஆங்கிலேயர் எண்ணியிருக்கிறார்கள்?

கோட்டைப் பக்கம் போக எனக்கு அனுமதியில்லை.
அவனுக்குப் போக மனமில்லை, அந்த வெயிலில்.
சன்னல் கட்டையில் காப்பிக் கோப்பைகளை வைத்துப் பேசினோம்.
நாலு இருக்கும் என்றான்.
நாலு என்றால் சரியாகப் பார்க்கவில்லை என்பார்கள் என்றேன்.
எட்டு?
எட்டு என்றால் பயந்தவன் என்பார்கள்.
ஆறு என்று வைத்துக்கொண்டோம்.
அவன் ஆறு என்று தட்டினான்.
நான் ஆறு என்று தட்டினேன்.
இரண்டு தலைநகரிலும் ஒரே எண் போய் இறங்க,
அது உண்மையாகிவிட்டது.

ஆறுக்கு மறுமொழியாக
ஒரு பீரங்கிக் கப்பல் வந்து நங்கூரம் போட்டது.
கப்பலுக்கு மறுமொழியாகக் கோட்டைக்காரர்கள்
குறிக்குக் குறுக்கே நின்ற மரங்களை வெட்டினார்கள்.
எல்லாம் ஹலாவி. காய் மஞ்சளுக்குத் திரும்பும் மாதம்.
கத்பானின் கொழுந்தி ஜஸ்ஸூமா
விழுந்த குலைகளைப் பாயில் இழுத்துப் போனாள்,
பழுக்காது என்று தெரிந்தும்.
ஒரு குண்டும் வெடிக்கவில்லை.
பதினேழாம் நாள், குடிநீர் தீர்ந்து
கப்பல் போய்விட்டது.

கத்பான் வந்தார். இந்த முறை மனு இல்லை.
தந்திக்குச் சொல்லுக்கு என்ன விலை என்றார். சொன்னேன்.
பாதி ரூபாயும் பாதி துருக்கிச் சில்லறையுமாக எண்ணி வைத்தார்.
ஒரே சொல்: நாற்பத்தொன்று.
யாருக்கு என்றேன்.
இரண்டு பேருக்கும்.
முகவரி வேண்டும் என்றேன்; விதி அப்படி.
காசைத் திரும்ப எடுக்காமல்
வாசல் வரை போனவர் நின்றார்.

"மூணு. அதில் ஒன்றுக்குச் சக்கரம் கிடையாது.
என்னைக் கேட்டிருக்கலாமே."

அப்போதும் சிரித்த முகம்தான்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ரெஃபிக் நாற்காலியில் ஏறி
முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பும் சத்தம்.
வெளியே, வெட்டிய மரங்களின் காலியான பாத்திகளுக்குள்
ஆறு ஏறிக்கொண்டிருந்தது,
நேரம் தவறாமல்.