பந்தின் விலை

மணிக்கட்டில் மாவுக்கட்டு.
ஆறு வாரம் கோல் வாசலில் நிற்கக் கூடாது.
அதனால் என் கையில் ஸ்டாப்வாட்ச்,
அக்குளில் ஈரம் ஏறிய நோட்டு.

கிளாக்ஸ்விக்கில் பிளாஸ்டிக் கூம்புகள் நிற்பதில்லை.
முதல் நாளே ஏழு கூம்புகளைக்
காற்று அள்ளிக் கடலுக்குக் கொடுத்தது.
இப்போது மீன்பண்ணை மிதவைகள்,
வயிற்றில் கூழாங்கல் போட்டவை,
ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக எட்டு.
தரையில் வலைக்கயிற்று ஏணி, பன்னிரண்டு கட்டம்.
எங்கும் ஏறிப் போகாத ஏணி.

முதலில் பந்து இல்லாமல்.
உள்ளே உள்ளே, வெளியே வெளியே,
குதிகால் படாமல், நுனி, நுனி,
இடது தோள் பொய் சொல்ல
வலது கால் நிஜத்தில் போக
ரன்வா ஓடுகிறாள்
சுடுகல்லில் தெறித்த தண்ணீர்போல.
ஒன்பது புள்ளி நான்கு.

அப்புறம் பந்தோடு.
அதே மிதவைகள், அதே வளைவுகள்.
பதின்மூன்று புள்ளி எட்டு.
கழித்து எழுதினேன்: நான்கு புள்ளி நான்கு.
அதற்குமேல் தலைப்பு போட்டேன்: பந்தின் விலை.
பகலில் படகுத்துறையில் லாரி ஏற்றிவிட்டு
மாலையில் எங்களுக்குப் பயிற்சி தரும் யாக்குப்
படித்துவிட்டுச் சிரித்தார்.
அழிக்கச் சொல்லவில்லை.

விலை இறங்கியது.
மூன்று மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில்
விளக்குக் கம்பத்தடியில் மூன்று புள்ளி ஒன்று.
(கட்டுப் பிரித்து வெகுநாள் ஆயிற்று.
கடிகாரத்தை நான் திருப்பித் தரவில்லை.)
மற்றவர்கள் பந்தைத் தட்டிவிட்டுத் துரத்துவோம்.
ரன்வாவின் பந்து
அவளைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போனதில்லை.

பிறகு பிப்ரவரி.
காலணி இரண்டு அளவு கூடியது.
ஜெர்சியின் கை முழங்கையோடு நின்றுவிட்டது.
எங்கே மடங்குவது என்று
முழங்காலுக்கே தெரியவில்லை.
நான்காம் கட்டத்தில் கயிறு சிக்கி
முகம் குப்புற விழுந்தாள்.
பந்து இல்லாமலே பதினொன்று.
பந்தோடு பதினேழு புள்ளி இரண்டு,
அதிலும் ஒரு பந்து வேலி தாண்டித் தண்ணீருக்குள்.
நான் கழித்துப் பார்க்கவில்லை.

"என் காலை யாரோ மாத்திட்டாங்க," என்றாள்.
அழவில்லை.
கடையில் பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவள்போல
கால்களை நீட்டிக் காட்டினாள்.

யாக்குப் ஏணியை அவிழ்த்து
ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு விரல் கூட்டிக் கட்டினார்.
"கடிகாரத்தைப் பைக்குள் போடு," என்றார் என்னிடம்.
அவளிடம், "நட."

நடந்தாள்.
உள்ளங்கால், வெளிப்புறம்.
உள்ளங்கால், வெளிப்புறம்.
குடிவந்த முதல் இரவில்
சுவரைத் தடவி சுவிட்சு தேடுகிறவளாக.
பக்கத்தில் சின்னப் பையன்கள் பறந்தார்கள்.
மலைச்சரிவில் ஆடுகள் மேய்ந்தன.
மழை குறுக்காகப் பெய்தது, எப்போதும்போல.

ஏழாம் தடவையோ எட்டாம் தடவையோ
கடைசி மிதவையை உதைத்துத் தள்ளிவிட்டு
அந்த இடத்தில் நான் நின்றேன்.
வந்தாள்.
தோள் இடப்பக்கம் சாய்ந்தது.
பழைய பொய்தான், எனக்குத் தெரியும்,
வலப்பக்கம் பாய்ந்தேன்.
அவளோ இடமே போனாள்.
நேற்றுவரை எட்டாத தூரத்திலிருந்து
அந்த நீளக் கால் வந்து
பந்தைக் கொக்கிபோட்டு இழுத்துக்கொண்டது.
என் கன்னத்தில் புல்லின் ரப்பர் துகள்.

"மர்யுன், எத்தனை நொடி?"

பைக்குள் கைவிட்டேன்.
நிறுத்த மறந்திருந்தேன்.
நாற்பத்தோரு நிமிடம், ஆறு நொடி,
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
நோட்டில் அதையே எழுதினேன்.