மூன்றாம் இழுப்பு

கயிற்றை இழுத்து இழுத்துத்
தோள் கழன்றதுதான் மிச்சமுங்க என்று
நெகமத்திலிருந்து மொபெட்டில் கட்டி வந்தான் மாசாணியப்பன்.
வாடல் விழுந்த நாப்பது தென்னை
நாளைக்குச் சாய்க்கணும். லாரி சொல்லியாச்சு.

பிளக்கைக் கழற்றினேன்; ஈரம்.
துடைத்து, என்ஜினில் முட்டவைத்து இழுத்தால்
நீலமாய்த் தெறிக்கிறது பொறி.
பெட்ரோலில் பழைய வாடை இல்லை.
கார்புரேட்டர் ஜவ்வும் விறைக்கவில்லை.
அப்புறம் என்னடா உனக்கு?

சைலன்சரைக் கழற்றி ஊதினேன்.
என் மூச்சு என் முகத்துக்கே திரும்பியது.
ஸ்குரூ டிரைவரால் நோண்ட
செம்மண் உதிர்ந்தது; குளவிக் கூடு.
உள்ளே பச்சைப்புழு நாலு,
சாகாமலும் நெளியாமலும்.

மாட்டி, மூன்றாம் இழுப்பில்
புகை கக்கி அலறியது.

காசை எண்ணிக் கொடுத்தவன்
கிளம்பவில்லை.
உள்ளங்கையில் அந்த மண்கட்டியை ஏந்திக்கொண்டு
எங்கீங்க வெக்கறது இதை என்கிறான்,
ரம்பச் சத்தத்துக்கு மேலே கத்தி.