பக்கம் 211

மூன்று பவுண்டுக்கு வந்தது,
முதுகு கிழிந்த ஞானப்பாட்டுப் புத்தகங்கள் பதினொன்றோடும்
நாக்கில்லாத ஒரு கைமணியோடும்.
ரெட்ரூத் ஏலக்கூடத்தில் வேறு யாரும் கை தூக்கவில்லை.
எனக்கு விசுவாசம் கிடையாது.
புத்தகம் வாங்கும் வியாதி உண்டு.
வெளியே கார்ன்வால் மழை,
மேலிருந்து அல்ல, பக்கவாட்டில்.

அட்டையின் பொன்னெழுத்தில்
ஆண்டு மட்டும் மிச்சம்: 1868.
உள்ளே, மெதடிஸ்ட் சபைகளின் சரித்திரம்,
எழுதியவர் செப்பனியா நான்கேரோ,
வெள்ளீயச் சுரங்கத்தில் கணக்கர்.
முன்னுரை இரண்டே வரி:
பிழைகள் என்னுடையவை.
ஏனையது ஆண்டவருடையது.

கூலி எழுதிய கை
எழுப்புதலையும் அப்படியே எழுதியது,
கோடு போட்டு, பத்தி பிரித்து.

1814. குணப்பட்டோர் நாற்பத்துமூவர்.
1815. பின்வாங்கினோர் இருபத்தொன்பது.
1816. மத்தி மீன் வரவில்லை.
பின்வாங்கினோர் திரும்பி வந்தனர்.

சிரிக்காமல்தான் எழுதியிருப்பார்.
பிரசங்கியின் பெயர் மறந்த இடத்தில்
அவர் ஏறி வந்த குதிரையின் பெயரைத் தருகிறார்.
எண்பது பாகம் ஆழத்தில்
தொப்பியில் களிமண்ணால் ஒட்டிய மெழுகுத்திரியோடு
ஆறு பேர் முழங்காலிட்டதைச் சொல்கிறார்,
பிறகு
மெழுகுத்திரிக்கு யார் காசு கொடுத்தது என்பதையும்.

பக்கம் 210 இப்படி முடிகிறது:
"அறுவடை நாள் மாலையில் ஜனங்கள்
அரிவாள்களை வேலியில் சாய்த்துவிட்டு நின்றபோது
பேச எழுந்தவள்"

பக்கம் 213 இப்படித் தொடங்குகிறது:
"கூரை ஓட்டுக்குப் பதினாறு பவுண்டு நான்கு ஷில்லிங்."

இடையில் நக அகலத்துக்கு ஒரு தாள்விளிம்பு.
கூர்மையான கத்தி. நிதானமான கை.

ட்ரூரோ காப்பகத்துப் பிரதியிலும் அதே விளிம்பு.
அங்கேயே காலாண்டுக் கூட்டக் குறிப்பேடும் இருக்கிறது:
ஸ்திரீகள் பிரசங்கிப்பது பக்திவிருத்திக்கு ஏதுவாகாதபடியால்
மேற்படி நூலில் தாள் ஒன்று நீக்கப்படுக.
பிரதிகள் முந்நூறு.
கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து.
செயலாளரும் அவர்தானே.

முந்நூறையும் வெட்டியது யார் என்று
குறிப்பேடு சொல்லவில்லை.
நான் ஒரு சமையலறை மேசையை நினைத்துக்கொள்கிறேன்,
விளக்கு, சாணைக்கல்,
இரவுக்கு நாற்பது பிரதி வீதம்
ஏழெட்டு இரவு.
வெட்டிய தாள்களை அடுப்பில் போட்டாரா?
போட்டிருப்பார். கீழ்ப்படிகிற மனிதர்.

ஆனால் கடைசியில் பொருளட்டவணை இருக்கிறது.
பொடி எழுத்து. கூட்டத்தில் யாரும் அதுவரை புரட்டவில்லை.

ரோச் ஊர்க் கட்டடக் கடன், 88.
ரோடா, கெசையா: சுரங்கத்தில் தாது உடைப்பவள், 211;
அவள் குரல் இரண்டு வயலுக்குக் கேட்டது, 211;
அவளுக்கு எதிரான தீர்மானம், 211;
தீர்மானத்தை நின்றபடி கேட்டது, 212;
மறு வாரம் மீண்டும் பேசியது, 212.
கூரை, பழுதுபார்த்தல், 213.

மறந்துவிட்டாரா?
அரைக்காசு பிசகாமல் கூட்டியவர்.
அல்லது
தாள் ஒன்று என்றுதானே தீர்மானம்,
ஒன்றுக்கு மேல் ஏன் வெட்ட வேண்டும்?
கணக்கர்கள் அப்படித்தான்,
சொன்னதைச் செய்வார்கள்,
சொல்லாததைச் செய்ய மாட்டார்கள்.
இதற்கு மேல் அவரை நல்லவராக்க
என்னிடம் சான்று இல்லை.

அவருடைய சபையில் இப்போது
அலைச்சறுக்குப் பலகைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.
பிரசங்க மேடையில் ஈரம் காயும் ரப்பர் உடைகள்,
கைகளை விரித்தபடி.

நேற்றிரவு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
அட்டவணைக்கும் பின்னால் போனேன்.
முன்பணம் கட்டியவர்களின் பட்டியல்.
மருந்துக்கடைக்காரர் ஒரு பிரதி.
சுரங்கத் தலைவர் நான்கு, தோலட்டை.
கடைசிக்கு முந்தின வரி:

ரோடா, கெ., கேம்போர்ன். இரண்டு பிரதிகள்.

எழுபது வயதாவது ஆகியிருக்கும்.
இரண்டு.