தீர்மானப் புத்தகம்

நவம்பர் எட்டாம் தேதி மலைக்குப் பின்னால் போகும் வெயில்
பிப்ரவரி மூன்றாம் தேதிதான்
ஹவ்கன் வீட்டுக் கொட்டகைமேல் வந்து உட்காரும்.
அதனால் ஸ்கார்வடாலில் கூட்டங்கள் எல்லாம் இருட்டுக்காலத்தில்.
வேறென்ன செய்வது,
சண்டையைத் தவிர.

மூன்று தீர்மானப் புத்தகங்கள் என் பொறுப்பில்.
முதலாவதில் மை பழுப்பேறிவிட்டது.
ஓநாய்க்கு விலை வைத்திருக்கிறார்கள்:
குட்டிக்கு இவ்வளவு, வளர்ந்ததற்கு இவ்வளவு.
அடுத்த வரியில் பள்ளிக்கூடம்.
வாத்தியார் சம்பளம்
ஓநாயைவிடக் குறைவு.

பிறகு பாலம்.
அதுவரை ஆற்றோரம் நின்று கத்த வேண்டும்.
மறுகரையில் யாருக்காவது மனமிருந்தால் படகு வரும்.
மேற்குக் கரை பாலம் கேட்டது.
பதினோரு குளிர்காலம் ஒரே வாக்கியம்:
ஓஸ்முண்ட் ஹவ்கன் எதிர்த்தார்.
கூப்பிட்டு வராதவன்
பலகை போட்டால் மட்டும் வருவானா என்றாராம்.

பன்னிரண்டாவது குளிர்காலம்
ஓஸ்முண்ட் எழுந்து, ஆகட்டும் என்றார்.
காரணம் எழுதப்படவில்லை.

தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினேன்.
அதற்கு முந்தைய ஏப்ரலில்,
ஆற்றில் பனி உடையும் வாரத்தில்
(நடக்கவும் ஆகாது, துடுப்பு போடவும் ஆகாது)
அவர் மகள் ராக்ன்ஃப்ரிட். பிரசவத்தில்.
பெயரிடாத குழந்தையும்.
மருத்துவச்சி மேற்குக் கரையில்.

கத்தியிருப்பார்.

இரண்டாம் புத்தகம் முழுக்கப் பால்.
சங்கம் பிரிந்தது, சேர்ந்தது, பிரிந்தது,
தண்ணீர் கலந்தது யார் என்பதில்.
மின்சாரத்துக்கு அரைப் பக்கம்.
போருக்கு ஐந்து வெற்றுப் பக்கங்கள்;
அப்போதைய எழுத்தர் யார் என்று யாரும் சொல்வதில்லை.

சுரங்கப்பாதைக்கு எல்லாரும் கை தூக்கினோம்.
நகரம் இருபது நிமிடமானது.
பாதிப் பேர் அந்த இருபது நிமிடத்தில் போனார்கள்,
என் தம்பி சிவெர்ட் உட்பட,
அறுவடை இயந்திரத்தை என் பெயருக்கு மாற்றிவிட்டு,
கடனோடு.

இன்று ஜனவரி பதினைந்து.
பக்கத்து ஊராட்சியோடு இணைவதா, வேண்டாமா.
நாற்பத்தொரு பேர், இரண்டு தட்டு வாஃபிள்.
மருத்துவமனையை நகரத்திலேயே வைத்துக்கொண்டால்
எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டினார்கள்.

ஹவ்கன் வீட்டில் இப்போது குடியிருக்கும் எரித்ரியப் பெண்,
முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்பவள்,
கை தூக்கினாள்.
பாறை சரிந்து சுரங்கம் மூடியிருக்கும் நாளில்
ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்?

அதிகாரி தண்ணீர் குடித்தார்.
வாஃபிள் தட்டு பாதி வழியில் நின்றது.

கேள்விகளை நான் சுருக்கித்தான் எழுதுவேன்.
இதை முழுதாக எழுதினேன், அவள் பெயரோடு:
ட்செகெரெடா, ஹவ்கன் வீடு, கிழக்குக் கரை.

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.
வெயில் வர இன்னும் பத்தொன்பது நாள்.