எட்டு மில்லிமீற்றர்

கிளரன்ஸ் அண்ணை கடைக்குள் வராமல்
படியில் நின்றே கேட்டார்:
"தங்கச்சி, என்ர போட்டில புள்ளியெல்லாம் எங்க?"

மத்திய வீதியில் மதிய வெயில்.
மெஷின் யாரோ ஒரு கல்யாண வீட்டின் பெயரை
அரிந்துகொண்டிருந்தது.
போனை நீட்டினார். டச்பே மணலில்
வெள்ளைப் படகு, நீல எழுத்து:
க ட ற க ன னி.
"பெடியள் வாசிச்சுக் காட்டுறாங்கள்,
இருமல் பிடிச்ச மாதிரி."

வெள்ளை அடியில், நீலம் மேலே,
சுற்றிவரக் கரை தெரியவேணும் என்று
அவர்தான் கேட்டிருந்தார்.
எழுத்துகளைத் தெரிவுசெய்து
பாதையை உள்ளே ஒடுக்கக் கொடுத்து
பெட்டியில் எட்டு என்று அடித்தேன்.
கரண்ட் போகப்போகிற நேரம்.
பெருப்பித்துப் பார்க்கவில்லை.

சிறிதாக்குவது வேறு.
மூலையைப் பிடித்து இழுத்தால்
யானையும் பாதியாகும், எறும்பும் பாதியாகும்,
யானை யானையாய், எறும்பு எறும்பாய்.
இது அப்படியல்ல.
கோட்டின் ஒவ்வோர் இடமும்
எட்டு மில்லிமீற்றர் உள்ளே போகவேண்டும்,
ஒருவருக்கும் சலுகையில்லை.
'க'வின் தண்டு நாற்பது. இருபத்துநாலு மிஞ்சி
நிமிர்ந்தே நின்றது.
'ட' மெலிந்ததில் அழகாய்க்கூட இருந்தது.
'ன'வின் சுழிக்குள் காற்று கூடியது.
புள்ளியின் குறுக்களவு பதினைந்து.
இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு.
திரையில் எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை.

எண்ணெய் வெட்டின மாதமும்
எல்லாருக்கும் ஒரே அளவுதான் குறைப்பு என்றார்கள்,
பலநாள் படகுக்கும் ஒருநாள் படகுக்கும்
ஐந்து ஐந்து லீற்றர்.
அண்ணை அப்போது ஆறு லீற்றர்க்காரர்.

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்:
புள்ளி போனால் மெய்க்கு உயிர் வரும்.
வந்துதான் இருக்கிறது.
அடங்கவேண்டிய இடத்தில் அடங்காமல்
இரண்டு எழுத்துகள் உயிரோடு எழும்பி நிற்க,
கடலுக்குள் போய்விட்டாள் கன்னி.

கோப்பைத் திறந்து கீழடுக்கைப் பார்த்தேன்.
இரண்டும் அங்கே இருந்தன,
முழுசாய், வெள்ளையாய்.

அவரின் மோட்டார்சைக்கிளில் டச்பே போனோம்.
"அண்ணை, தடவிப் பாருங்கோ."
வலைநூல் அறுத்துத் தடித்த பெருவிரல்
'ற'வின் தலைக்குமேல் மெல்ல ஊர்ந்து
ஓரிடத்தில் தடக்குப்பட்டது.
அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.
"இருக்கடி பிள்ளை."
பிறகு,
"ஆனா இருந்தென்ன?"

பையில் கொண்டுபோன இரண்டு நீல வட்டங்களை
ஒடுக்காமல், கரையில்லாமல்
அப்படியே மேலே ஒட்டினேன்.
கொஞ்சம் கோணல்.
காசு கொடுக்க வந்தார், வாங்கவில்லை.
ஒரு பை சூடை மீன் தந்தார், அது வாங்கினேன்.

திரும்பும்போது கோட்டை வாசலடியில்
ஒரு மான் காகிதம் மென்றுகொண்டிருந்தது, பக்கத்தில் குட்டி.
தாயின் முதுகில் இருந்ததெல்லாம்
குட்டியின் முதுகிலும்,
சின்னனாய், ஆனால் ஒன்றும் தவறாமல்.
கையில் மீன் மணந்தது. நிற்கவில்லை.

கடைக்கு வந்ததும்
கல்யாண வீட்டுப் பெயரைத் திரையில் எடுத்து
பெருப்பித்துப் பார்த்தேன்.
ஆறு புள்ளி.
வெட்டின தாளிலும் எண்ணினேன்.